டிரைவரை நீக்கிய நாள்

மென்பொருளை நிறுவும்போது திரையில் வரும் நீளமான உரிம ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு, அதன் பிறகே ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தும் மனிதர்கள் மிகக் குறைவு. என் வாழ்நாளில் அப்படி ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். தினமும் சவரம் செய்யும்போது பார்ப்பேன்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. படித்ததோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. படித்ததை மற்றவர்களுக்கும் புரியவைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டதுதான் தப்பாகிவிட்டது. அந்த உறுதியால் ஒரு நாள் நூற்று அறுபது பெட்டி இரும்புச் சாமான் வெயிலில் நின்றது. ஒரு பெரிய கார் தொழிற்சாலையின் இரண்டாம் ஷிப்டு நிற்க இருந்தது. என் வேலையும் போக இருந்தது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து டிப்ளமோ சான்றிதழும் ஒரு தகரப் பெட்டியுமாக வந்து, படப்பையில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஒரகடத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. கார் இருக்கைக்கு அடியில் வரும் இரும்புப் பிடிகளை அச்சில் அடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்த அந்தப் பெரிய தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. என் பெயர் சுடலைமுத்து. ஆனால் அங்கே எல்லோருக்கும் நான் ‘சிஸ்டம்’. (“யோவ் சிஸ்டம், ஃபேன் ஓடல பாரு” என்பார்கள். ஃபேனும் என் துறைதான்.)

மேனேஜர் கோதண்டம் சாருக்கு அந்த வருடம் ஒரு பயம் வந்திருந்தது. திருட்டு மென்பொருள் வைத்திருக்கும் கம்பெனிகளில் சோதனை நடக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் மூன்று கம்ப்யூட்டர்களிலும் இருந்தது முழுக்கத் திருட்டுதான். “இன்னாய்யா பண்றது?” என்று என்னைக் கேட்டார். நான் அந்தக் கேள்விக்காகவே பிறந்தவன்போல எழுந்து நின்றேன். ஒரு மாதத்தில் மூன்றையும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றினேன். எழுத, கணக்குப் போட, மெயில் பார்க்க, எல்லாவற்றுக்கும் யாரும் உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்கிற திறந்த மூல மென்பொருள். எல்லாம் நன்றாகவே ஓடியது. அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு அந்த வருடம் சம்பள உயர்வுகூட வந்திருக்கும்.

ஆனால் வெறுமனே ஓடினால் எனக்குப் போதாது. ஏன் ஓடுகிறது, எந்த உரிமத்தின்கீழ் ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும். மதிய உணவு வேளையில் கேன்டீனில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். சாமானை அனுப்பும் டிஸ்பேட்ச் பிரிவில் லேபிள் ஒட்டும் பரமேஸ்வரி அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். வல்லம் வடகால் பக்கத்துக் கிராமத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் மாமனார் நெல் போட்ட நிலத்தின் மேல் இப்போது ஏதோ ஒரு கம்பெனியின் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது.

“இப்ப நீங்க ஒரு கொழம்பு வைக்கியன்னு வச்சுக்கிடுங்க” என்று ஆரம்பித்தேன். “செய்முறையோட பக்கத்து வீட்டுக்குக் குடுக்கிய. அவுக அதுல முருங்கைக்காய் சேத்து அடுத்த வீட்டுக்குக் குடுக்காக. குடுக்கும்போது செய்முறையையும் சேத்துத்தான் குடுக்கணும். ஒளிச்சு வைக்கக் கூடாது. அது ஜி.பி.எல்.னு ஒரு உரிமம். இன்னொண்ணு பி.எஸ்.டி. அதுல செய்முறைய ஒளிச்சுக்கிடலாம், ஆனா மொதல்ல வச்சது பரமேஸ்வரின்னு பேரு மட்டும் சொல்லிரணும். வித்தியாசம் புரியுதாக்கா?”

அவர் சோற்றை உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். “பக்கத்து வூட்டுக்காரி கொழம்பு நல்லாகீதான்னுதான் தம்பி பாப்பா. கிண்ணத்த எப்ப திருப்பித் தருவான்னு நான் பாப்பேன். இதுல இன்னா புரியணும்?”

அவரைத் திருத்த முடியாது என்று முடிவு செய்து, சுற்றுவட்டாரத்தைத் திருத்தக் கிளம்பினேன். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கம்பெனி. அங்கே ஸ்டோர்ஸ் பார்த்த தனசேகர் ரொம்ப நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் சிடியில் போட்டுக் கொடுத்துவிடுவார். ஒரு நாள் எனக்கும் ஒரு தட்டச்சு மென்பொருளைப் போட்டுக் கொடுக்க வந்தார். நான் வாங்கவில்லை. சிடி உறையின் பின்பக்கத்தை அவரைப் படிக்கச் சொன்னேன். ஒரு கணினிக்கு மட்டும், பிறருக்குத் தரக் கூடாது என்று அதில் இருந்ததை ஒரு மணி நேரம் விளக்கினேன். எழுதியவன் தரக் கூடாது என்று சொன்னதைத் தருவது அவன் வீட்டுக்குள் புகுந்து எடுப்பதற்குச் சமம் என்றேன். தனசேகர் முகம் வாடிப் போனார். “இத்தினி நாளா எனக்கு இது தெரியாம போச்சே சார்” என்று சொல்லிவிட்டு சிடியோடு திரும்பிப் போனார். என் பேச்சைக் கேட்டு மனம் மாறிய முதல் ஆள் என்று எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இந்த நிலையில்தான் தணிக்கை வந்தது. எங்கள் சாமானை வாங்கும் அந்தப் பெரிய தொழிற்சாலையிலிருந்து ஓர் அம்மையார் வந்து நாள் முழுக்க எல்லாவற்றையும் பார்ப்பார். கல்பனா மேடம் என்று பெயர். அவர் சரியில்லை என்று எழுதினால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் ஒப்பந்தத்தில் இருக்கும் முப்பது பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அதில் பரமேஸ்வரி அக்காவும் ஒருவர். கேள்விப் பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு உரிமம் உள்ளதா?’

அதைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. முந்தின வாரம் முழுக்க உட்கார்ந்து, மூன்று கம்ப்யூட்டர்களிலும் இருந்த ஒவ்வொரு மென்பொருளின் உரிமத்தையும் படித்துப் பட்டியல் போட்டேன். அப்படிப் படிக்கும்போதுதான் அந்தக் கறுப்பாட்டைக் கண்டுபிடித்தேன்.

டிஸ்பேட்சில் பார்கோடு லேபிள் அடிக்கும் சின்ன பிரிண்டர் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் சொல்வது பிரிண்டருக்குப் புரிய நடுவில் ஒரு மென்பொருள் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். பிரிண்டரைச் செய்தவர்களே லினக்ஸுக்கான டிரைவரை இலவசமாகத் தந்திருந்தார்கள். நானும் அவர்கள் தளத்திலிருந்து இறக்கிப் போட்டிருந்தேன். (அன்று ஒருமுறை படிக்காமல் ‘ஏற்கிறேன்’ அழுத்திவிட்டேன். காய்ச்சல் நேரம்.) இப்போது படித்தால், காசில்லாமல் தருகிறோமே தவிர உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது, மாற்றக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. என் பட்டியலில் மற்ற எல்லாம் திறந்த மூலம். இது ஒன்று மட்டும் இல்லை. நூற்றுக்கு நூறு என்று எழுத முடியாமல் இது ஒன்று என் கழுத்தைப் பிடித்தது.

தேடினேன். எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் அதே வகை பிரிண்டர்களுக்குப் பொதுவாக ஒரு டிரைவர் எழுதி ஜி.பி.எல்.லில் விட்டிருந்தார். தணிக்கையன்று காலை எட்டு மணிக்கு வந்து பழையதை நீக்கினேன். நீக்கியதோடு விடாமல், இறக்கி வைத்திருந்த நிறுவும் கோப்பையும் தேடிப்பிடித்து அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். புதியதைப் போட்டு ஒரு லேபிள் அடித்துப் பார்த்தேன். கச்சிதமாக வந்தது. ஒன்றே ஒன்றுதான் அடித்துப் பார்த்தேன் என்பதை இங்கே அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

கோதண்டம் சாரிடம் போய், “சார், டிரைவரை எடுத்துட்டேன்” என்றேன்.

அவர் டீ கிளாஸை வைத்தார். “யாரக் கேட்டுய்யா எடுத்த? இன்னிக்கு லோடு கீது. அந்தோணி இல்லன்னா வண்டிய யாரு ஓட்டுவா, நீயா?”

அந்தோணி எங்கள் குட்டி யானைச் சரக்கு வண்டியின் ஓட்டுநர். அந்த டிரைவர் இல்லை, பிரிண்டர் டிரைவர் என்று விளக்கினேன். “எதுவோ ஒண்ணு. பதினோரு மணிக்கு லோடு போவணும். மூணு மணிக்கு அவுங்க ரெண்டாம் ஷிப்டு, அதுக்குள்ள லைன்ல சாமான் இருக்கணும்” என்றார். இருக்கும் சார் என்றேன்.

கல்பனா மேடம் பத்து மணிக்கு வந்தார். அதிகம் பேசாதவர். கையில் ஒரு நோட்டு. டிஸ்பேட்சுக்குப் பக்கத்தில் இருந்த என் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, பட்டியலில் இருந்த கேள்வியைக் கேட்டார். “இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிற சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் இருக்கா?”

‘இருக்கு மேடம்’ என்பது பதில். இரண்டு வார்த்தை. நான் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

உரிமம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன். விலையில்லாதது வேறு, சுதந்திரமானது வேறு என்றேன். குழம்பு உதாரணத்தைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னேன். “சாதாரணமா பயன்படுத்துறவங்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் எதுக்குன்னு கேப்பாங்க மேடம். அவங்களுக்குத்தான் இது முக்கியம்” என்று நான் உச்சத்தில் இருந்தபோது பரமேஸ்வரி அக்கா வந்து கதவருகே நின்றார். கையில் ஒரு லேபிள் துண்டு.

“தம்பி, ஒரு நிமிசம். லேபிளு எறங்கிக்கினே போவுது.”

“ஒரு நிமிசம்க்கா” என்றேன். என் ஒரு நிமிடம் ஓடியது. ஜி.பி.எல்.லின் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வந்திருந்தேன். அக்கா மறுபடி வந்தார்.

“தம்பி, தலை ஒரு ஸ்டிக்கர்ல வருது, காலு அடுத்த ஸ்டிக்கர்ல வருது. வந்து பாரேன்.”

மேடம் அவரைத் திரும்பிப் பார்த்தார். முக்கியமான இடத்தில் பேச்சு அறுந்ததில் எனக்குக் கோபம். மூன்றாம் முறை அக்கா வந்து, “வண்டி கெளம்பணும்ன்றாரு, நான் இன்னா பண்றது?” என்றபோது, நான் தலையைத் திருப்பாமல் சொன்னேன்: “வர்றத ஒட்டுங்கக்கா. நான் பொறவு வந்து பாத்துக்கிடுதேன்.”

அவர் போய் வருவதை ஒட்டினார். நான் பி.எஸ்.டி.க்குப் போனேன். வண்டி பதினோரு மணிக்குச் சரியாகக் கிளம்பியது.

பன்னிரண்டே காலுக்கு அந்தோணியிடமிருந்து கோதண்டம் சாருக்குப் போன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே என் மேஜையை நோக்கி நடந்து வந்த விதத்தில் எனக்கு ஏதோ புரிந்தது. தொழிற்சாலை வாசலில் ஒவ்வொரு பெட்டியின் பார்கோடையும் கருவியால் படித்துத்தான் உள்ளே விடுவார்கள். முதல் பன்னிரண்டு பெட்டி படித்ததாம். பதின்மூன்றிலிருந்து எதுவும் படிக்கவில்லை. பார்கோடின் பாதிதான் அந்த ஸ்டிக்கரில் இருந்தது. மீதி அடுத்த பெட்டியில் இருந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்கள்.

நடந்தது இதுதான். அந்தப் பொதுவான டிரைவருக்கு எங்கள் ஸ்டிக்கர் தாளில் இரண்டு லேபிள்களுக்கு நடுவே சின்ன இடைவெளி இருப்பது தெரியாது. ஒவ்வொன்றும் இம்மியளவு கீழே இறங்கும். முதல் லேபிள் எப்போதும் சரியாக இருக்கும். பன்னிரண்டைத் தாண்டினால் தலை வேறு, கால் வேறு. மூன்று முறை ஓர் ஆள் வந்து இதைத்தான் எனக்குச் சொல்லப் பார்த்திருக்கிறார்.

“பழச போடுய்யா” என்றார் கோதண்டம் சார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பழையது இல்லை. நானே அழித்திருந்தேன். பிரிண்டர்காரர்களின் தளத்துக்குப் போனேன். மறுபடி பதிவு செய்யச் சொன்னது. பதிவு செய்தேன். ஒரு வேலை நாளுக்குள் இணைப்பு அனுப்புகிறோம் என்று நன்றியோடு பதில் வந்தது. எனக்கு இரண்டரை மணி நேரம்தான் இருந்தது.

அப்போது தனசேகர் ஞாபகம் வந்தது. அவரிடமும் அதே பிரிண்டர். அதோடு வந்த சிடியில் லினக்ஸ் டிரைவரும் இருக்கும். (எங்கள் சிடி எப்போதோ தொலைந்துவிட்டிருந்தது.) சுவரைச் சுற்றி ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். மூச்சு வாங்கியது.

தனசேகர் பீரோவைத் திறந்து சிடியை எடுத்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் உறையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். நிதானமாக, விரல் வைத்துப் படித்தார்.

“ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்னு போட்டிருக்கு சார். பிறருக்குத் தரக் கூடாதுன்னு போட்டிருக்கு.”

“ஆமா, ஆனா இது அவசரம்ணே.”

“நீங்க அன்னிக்கு சொன்னப்புறம் நான் யாருக்கும் எதையும் குடுக்கறதில்ல சார்” என்றார். அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. அவர் கண்ணில் உண்மையான வருத்தம் இருந்தது. “ரெண்டு பேரு வந்து கேட்டாங்க. அடுத்தவன் வூட்டுக்குள்ள பூந்து எடுக்கற மாதிரின்னு நீங்க சொன்னதையே சொல்லி அனுப்பிட்டேன். இப்ப உங்களுக்கே குடுத்தா நீங்க என்னப் பத்தி இன்னா நெனைப்பீங்க?”

அவர் என்ன செய்தாலும் உயர்வாகத்தான் நினைப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சீடர், பீரோவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது அந்தக் கொஞ்ச தூரத்தில் நான் என்னென்னவோ யோசித்தேன். நேரே படப்பைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிவிடலாமா என்றுகூட. ஆனால் முப்பது பேர் விஷயம். நான் கெடுத்ததை நான்தான் சரிசெய்ய வேண்டும், அது வரைக்கும் எங்கேயும் போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு டிஸ்பேட்சுக்குள் போனேன்.

அங்கே பரமேஸ்வரி அக்கா பிரிண்டர் முன்னால் நின்றிருந்தார். பக்கத்தில் கல்பனா மேடம். அக்கா பிரிண்டரின் மூடியைத் திறந்தார், டப்பென்று மூடினார். அது ஒரு முறை உறுமி, தாளைக் கொஞ்சம் இழுத்து நின்றது. விசைப்பலகையில் ஒரு லேபிள் அடிக்கச் சொல்லித் தட்டினார். லேபிள் கச்சிதமாக வந்தது. மறுபடி மூடியைத் திறந்து மூடினார். மறுபடி ஒன்று. கச்சிதம்.

“எப்பிடிக்கா?”

“புது ரோல் மாட்டி மூடினா மொத லேபிளு எப்பவும் சரியாத்தான் வருது. ரெண்டாவதுலேர்ந்துதான் எறங்குது. ஒவ்வொரு தபாவும் தொறந்து மூடினா, அது புதுசா ரோல் மாட்டிட்டாங்கன்னு நெனச்சிக்குது.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இதத்தான் அப்ப சொல்ல வந்தேன்.”

மேடம் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

நூற்று நாற்பத்தெட்டு லேபிள் வேண்டும். நான் மூடியில் நின்றேன். அக்கா விசைப்பலகையில். திற, மூடு, தட்டு. திற, மூடு, தட்டு. ஐம்பதாவதில் என் கட்டை விரல் சிவந்தது. நூறாவதில் எனக்கு விரலே இல்லை. கோதண்டம் சார் பின்னால் நின்று ஒவ்வொன்றாக எண்ணினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. (அது ஒரு சாதனை என்று அவர் பிற்பாடு சொன்னார்.)

ஒன்றரைக்கு முடிந்தது. மேடம் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, “நான் அங்கதான் திரும்பிப் போறேன். ரெண்டு பேரும் என் வண்டியிலயே வாங்க” என்றார். தணிக்கை செய்ய வந்தவரின் காரில், தணிக்கையில் தோற்றவன் முன் இருக்கையில் உட்கார்ந்து போனேன். பின்னால் மேடமும், லேபிள் சுருளை வரிசை கலையாமல் மடியில் வைத்துக்கொண்டு அக்காவும். பக்கத்தில் ஒரு கம்பெனி பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. அதில் தூங்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

“காலையில சொல்லிட்டிருந்தீங்களே, லைசென்ஸ் வித்தியாசம்” என்றார் மேடம் திடீரென்று. “அதை இப்ப சொல்லுங்க. சுருக்கமா.”

நான் யோசித்தேன். “பக்கத்துக் கம்பெனியில ஒருத்தர்கிட்ட பழைய டிரைவர் சிடி இருந்துச்சு மேடம். அவர் நல்லவரு, குடுக்கணும்னுதான் நெனைச்சாரு. ஆனா குடுக்க அவருக்கு உரிமை இல்ல. இந்தப் புது டிரைவரா இருந்தா குடுத்திருக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.”

“இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமே.”

“காலைல அவுருக்கே தெரியாதுங்க மேடம்” என்றார் பரமேஸ்வரி அக்கா.

மேடம் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதுவும் கண்ணாடியில்.

வாசலில் அந்தோணி வண்டிக்கு அடியில் நிழலில் படுத்திருந்தார். அவரும் நாங்கள் இருவருமாக ஏறி, பழைய லேபிளைச் சுரண்டிப் புதியதை ஒட்டினோம். தகரம் கொதித்தது. நான் ஒட்டிய லேபிள்கள் கோணலாக இருக்கிறதென்று அக்கா என்னைச் சுரண்டும் வேலைக்கு மாற்றிவிட்டார். காவலாளி கருவியை வைக்கும் ஒவ்வொரு முறையும் அது கீச்சென்று கத்துகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நூற்று அறுபதாவது பெட்டியும் கத்தியது. மணி இரண்டு ஐம்பது.

தணிக்கை அறிக்கை அடுத்த வாரம் வந்தது. மென்பொருள் உரிமம்: உள்ளது. அனுமதியின்றி, போதிய சோதனையின்றி மாற்றம் செய்யப்பட்டது: குறைபாடு. அதற்கு மூல காரணம் என்ன என்று எழுதி அனுப்பச் சொல்லி ஒரு படிவம் இருந்தது. கோதண்டம் சார் அந்தக் கட்டத்தில் ‘சுடலைமுத்து’ என்று எழுதி அனுப்பினார். ‘ஓர் ஆளின் பெயரை மூல காரணமாக எழுதக் கூடாது’ என்ற குறிப்போடு மேடம் திருப்பி அனுப்பினார். அந்தக் குறிப்பால்தான் நான் வேலையில் நீடித்தேன் என்று இன்றும் நம்புகிறேன்.

பழைய டிரைவரைப் போட்டுவிடு என்று சார் உத்தரவிட்டார். இணைப்பு வந்ததும் போட்டேன். ஆனால் எனக்கு ஆறவில்லை. உள்ளே பார்க்கலாம், மாற்றலாம் என்று ஊரெல்லாம் பேசினவன் நான். ஒரு முறையாவது உள்ளே பார்த்தேனா? பார்த்ததில்லை. பார்த்தாலும் புரிந்திருக்காது. உரிமத்தைப் படிக்கத் தெரிந்த எனக்கு நிரலைப் படிக்கத் தெரியாது.

படிப்பது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் உட்கார்ந்து, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு ‘சி’ கணினி மொழிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்த டிரைவரின் நிரலை வரி வரியாகப் படித்தேன். ஐந்து மாதம் ஆனது. கடைசியில், லேபிளின் நீளத்தைக் கணக்கிடும் இடத்தில் இடைவெளியைக் கூட்டாமல் விட்டிருந்த இடம் கிடைத்தது. திருத்தம் மொத்தம் நான்கு வரி. எழுதியவருக்கு அனுப்பினேன். நான்கு வரியில் மூன்று தப்பு இருப்பதாகப் பதில் வந்தது. திருத்தி அனுப்பினேன். இன்னும் ஒன்று என்றார். மறுபடி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார். பிழையை முதலில் கண்டுபிடித்தது யார், நன்றிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். நான் உண்மையை எழுதினேன்.

அடுத்த பதிப்பு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். ஆங்கிலத்தில் எஸ். பரமேஸ்வரி என்று இருந்தது. அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“எம்பேர ஏன் தம்பி போட்ட? எங்கியாச்சும் எவனுக்காச்சும் லேபிளு ஒட்டலன்னா என்ன வந்து கேக்க மாட்டான்?”

“கேக்க மாட்டாங்கக்கா. எந்தப் பொறுப்பும் கிடையாதுன்னு உரிமத்துலயே போட்டிருக்கு.”

“அப்ப சரி” என்றார். ஓர் உரிமத்தின் ஒரு பிரிவை அவர் முழு மனதோடு ஏற்றுக்கொண்டது அப்போதுதான்.

அந்தப் பதிப்பைச் சிடியில் போட்டு தனசேகரிடம் கொண்டுபோனேன். அவர் உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. “இத வாங்கிக்கலாமா சார்?” என்று சந்தேகமாகக் கேட்டார். “வாங்கிக்கிடலாம். நீங்களும் யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்” என்றேன். அதற்கு மேல் சொல்ல நிறைய இருந்தது. சொல்லவில்லை. அந்த வாரமே அவர் ஐந்து கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். பழையபடி கொடுக்க முடிந்ததில் அவர் முகத்தில் களை திரும்பியது.

ஜி.பி.எல்.லா, பி.எஸ்.டி.யா என்ற சண்டையில் சாதாரணமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றுமில்லை என்று இன்று ஒப்புக்கொள்கிறேன். (பழைய நண்பர்கள் யாராவது கேட்டால் நான் அப்படிச் சொல்லவில்லை என்பேன்.) கொடுக்கலாமா, கூடாதா என்பது அவர்களுக்கு வேண்டும். கெட்டுப்போனால் யாராவது ஒருவர் உள்ளே கை வைக்க முடியுமா என்பதும் வேண்டும். மற்றதெல்லாம் என்னைப் போன்றவர்கள் கேன்டீனில் பேச.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. அடுத்த ஆண்டே பரமேஸ்வரி அக்கா புது வீடு கட்டிக் குடிபோனார். நானும் என் மனைவியும் போயிருந்தோம். அக்கா எங்களைக் கூடத்தில் உட்காரவைத்து, வந்திருந்த சொந்தக்காரர்களிடமெல்லாம், “என் பேர கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தனது இந்தத் தம்பிதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் என்னைத் தாலுகா ஆபீஸ்காரன் என்று நினைத்து மரியாதையாகப் பார்த்தார்கள். அக்காவின் மாமியாருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை.

“பேர ஏத்திகீறாங்க, சரி. அதுல நமக்கு மாசாமாசம் எதுனா வருமாடி?”

“ஒண்ணும் வராது அத்தே” என்றார் அக்கா, எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றிக்கொண்டே. “லேபிளு நேரா வரும்.”

என் மனைவி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். புரையேறிவிட்டது.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. நான் எதிலாவது மும்முரமாக இறங்கி, இதனால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால், எனக்கு முன்னால் என் மனைவி பதில் சொல்லிவிடுவாள். மாடியில் கீரை போட்டபோது சொன்னாள். நாற்பது வயதில் ஆர்மோனியம் கற்கப் போனபோதும் சொன்னாள். நேற்று இதை எழுத உட்கார்ந்ததைப் பார்த்து மாமனார், “எழுதினா என்ன மாப்பிள்ளை கிடைக்கும்?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பிரிண்டரையே பார்த்திராத எங்கள் மகள் பக்கத்து அறையிலிருந்து சொன்னாள்:

“லேபிளு நேரா வரும் தாத்தா.”